ஆட்டச் சீட்டு ஆரூடச் சீட்டான கதை



சென்ற ஆண்டு உயர்தர வகுப்பிலே பாடம் நடத்திக்கொண்டிருந்தபொழுது ஒரு மாணவனின் கொப்பிக்குள்ளிருந்து வண்ணச் சீட்டொன்று நழுவி விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். இலை துளிர்த்த மரச் சட்டமொன்றில் ஓர் இளைஞன் ஒற்றைக் காலிற் கட்டுண்டு தலைகீழாகத் தொங்குகிறான். கைகள் முதுகுக்குப் பின்னே. முகத்திலோ வேதனை இல்லை. தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம்.

இடைவேளையின்போது அவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். "பாரிசிலையிருந்து வந்த சித்தி விட்டிட்டுப் போன டாரட் கட்டு, சேர். அம்மம்மா ஒவ்வொரு நாளும் மாமாவை நினைச்சு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுவா. போன வெள்ளிக்கிழமை இது வந்தது. அண்டைக்குத் தொடக்கம் அவ சரியாச் சாப்பிடுறேல்லை. அதுதான் ஒளிச்சுக்கொண்டு வந்திட்டன்" என்றான். அவனுடைய மாமா 2009ஆம் ஆண்டு காணாமற்போனவர். சற்று நேரம் நின்றுவிட்டு, "எகிப்திலை ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி எழுதின சாத்திரமாம். உண்மையோ சேர்?" என்று கேட்டான்.

மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் சாப்பிடாமலிருக்கும் ஒரு தாய்க்கு எந்த வகையிலும் உதவாது. எனவே சில கிழமை அவகாசம் கேட்டேன். கிடைத்த நூல்களைத் தேடி வாசித்தேன். அந்தத் தேடலின் பயனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஐரோப்பாவுக்குச் சீட்டாட்டம் வந்து சேர்ந்தது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். 1377ஆம் ஆண்டிலேயே புளோரன்ஸ் நகரத்தார் அதனைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியிருக்கின்றனர். அதன்பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து, 1440ஐ ஒட்டிய காலத்தில், மிலான், பெராரா, புளோரன்ஸ் முதலிய வட இத்தாலிய நகரங்களிலே பிரபுக்களின் பொழுதுபோக்கிற்காகப் புதிய கட்டொன்று தோன்றியது. வழக்கமான நான்கு இனச் சீட்டுகள் 56, அவற்றோடு தனிப் படச் சீட்டுகள் 22, ஆக 78. பேரரசர், பாப்பரசர், காதல், அதிர்ஷ்டச் சக்கரம், மரணம், திங்கள், ஞாயிறு என்றவாறு அமைந்த இப்படச் சீட்டுகள் ஏனைய சீட்டுகளை வெட்டும் வலிமை உடையன. ஆகவே அவற்றுக்கு 'திரியொன்பி', அதாவது வெற்றிகள், என்று பெயரிட்டனர்.

இச்சொல் நமக்கு அந்நியமானதன்று. அதுவே போர்த்துக்கேயத்தில் 'துருன்போ', ஒல்லாந்த மொழியில் 'துரூப்', ஆங்கிலத்தில் 'டிரம்ப்' என வழங்குகின்றது. கோடை விடுமுறையில் மாமர நிழலிலே நால்வர் கூடி 304 விளையாடும்போது, ஏலங் கேட்டுக் கவிழ்த்து வைக்கிறோமே, அந்தத் 'துரும்பு' இந்தச் சொற்குடும்பத்தின் பிள்ளையே. எந்தக் கப்பலில் வந்திறங்கியிருப்பினும் அதன் பிறந்தகம் இத்தாலிய ஆட்டமேசையே.

அப்படியாயின் அந்தத் தொங்கும் இளைஞன் யார்? அக்கால இத்தாலியர் அவனைக் கண்டு மயங்கவில்லை. அவர்கள் அச்சீட்டைத் 'துரோகி' என்றே அழைத்தனர். காட்டிக்கொடுத்தோரையும் கடன் தீர்க்காதோரையும் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவோராகப் பொதுச் சுவர்களில் வரைந்து அவமதிப்பது அந்நாட்டு நகரங்களின் வழக்கம். வீதியில் கண்ட தண்டனைப் படமே சீட்டிலும் ஏறியது. அதிலே மறைபொருள் எதுவும் இருக்கவில்லை.

இவ்வாறு 300 ஆண்டுகளுக்கு மேலாக டாரட் ஓர் ஆட்டமாகவே நிலவியது. பொலோஞ்ஞா நகரில், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கைக்குறிப்பு ஒன்று மாத்திரம் சில சீட்டுகளுக்கு ஆரூடப் பொருள் கூறுகின்றது. சாதாரணச் சீட்டுகளைக் கொண்டு குறி பார்க்கும் வழக்கம் அப்போது இல்லாமலில்லை. 1765இல் ருஷ்யாவிலே தாம் வைத்திருந்த கிராமத்துப் பெண்ணொருத்தி 25 சீட்டுகளைச் சதுரமாகப் பரப்பித் தமது இரவுத் திருவிளையாடல்களைப் புட்டுவைத்ததாகவும், தாம் அக்கட்டைத் தூக்கி நெருப்பில் எறிந்ததாகவும் கசனோவா தமது நினைவுக் குறிப்புகளிலே எழுதியிருக்கிறார். பாரிசிலே விதை வியாபாரம் செய்த அலியெத் என்பவர், தம் பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி 'எத்தேலா' என்ற புனைபெயர் பூண்டு, சீட்டுக் குறி பற்றிய முதல் நூலை 1770இல் வெளியிட்டார். ஆயினும் அதுவும் டாரட் பற்றியதன்று. சாதாரண ஆட்டச் சீட்டுப் பற்றியதே.

திருப்பம் 1781இல் நேர்ந்தது. பாரிசில் வாழ்ந்த கூர் த ஜெபலன் என்னும் அறிஞர் ஒரு சீமாட்டியைக் காணச் சென்றார். அங்கே டாரட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் பாரிசிலே அந்த ஆட்டத்தை அறிந்தோர் அரிது. படங்களை உற்று நோக்கியவர், கால் மணி நேரத்திற்குள், இது எரிந்துபோன எகிப்திய ஆலயங்களிலிருந்து தப்பிய ஞானநூல் என்று தீர்ப்பளித்துவிட்டார். 'ஆதி உலகம்' என்ற தமது பெருந்தொகுதியின் 8ஆம் பாகத்திலே அதனை அச்சேற்றியும் விட்டார். தொங்கும் மனிதன் அவருடைய கொள்கைக்கு இடைஞ்சலாக இருந்தான். அதற்கும் வழி கண்டார். அவன் உண்மையில் ஒரு காலில் நின்று அடுத்த அடியை யோசிக்கும் 'விவேகம்' என்னும் அறத்தின் வடிவம் என்றும், சீட்டுச் செய்தவனே படத்தைத் தலைகீழாக்கிவிட்டான் என்றும் எழுதினார்.

இங்கே ஆண்டுகளைச் சற்று அடுக்கிப் பாருங்கள். ரொசெற்றாக் கல் கண்டெடுக்கப்பட்டது 1799இல். ஷம்போலியன் எகிப்திய எழுத்தின் திறவுகோலைக் கண்டறிந்தது 1822இல். ஜெபலன் தீர்ப்புக் கூறிய 1781இல் எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவருமில்லர். மறுக்க ஆளில்லாத காலத்தில் கூறப்பட்ட கதை அது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பியச் சீட்டுக்கு எகிப்தோடு மெய்யான ஓர் உறவு இருக்கவே செய்கிறது. கிண்ணம், நாணயம், வாள், கோல் என்ற நான்கு இனங்களும் எகிப்தை ஆண்ட மம்லூக்கியரின் சீட்டுகளிலிருந்து வந்தவை. அத்தகைய கட்டொன்று இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையில் இன்றும் உள்ளது. ஆனால் அதிலே மனித உருவங்களே கிடையா. அதுவும் விளையாட்டுக் கட்டே.

கதை பொய்யாயினும் வேர்விட்டது. 1785இல் எத்தேலா டாரட் குறி பற்றி எழுதினார். 1789இல் குறிபார்ப்பதற்கென்றே தனிக் கட்டொன்றை வெளியிட்டார். 1789 என்றதும் வரலாறு கற்றோருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு அது. அரசன் வீழ்ந்தான், ஆலயங்கள் மூடப்பட்டன, காலையில் கைதானவர் மாலையில் உயிரோடிருப்பாரோ என்பதைக் கூற ஒருவருமில்லை. அத்தகைய பாரிசிலிருந்தே அக்காலத்தின் பெரும் புகழ்பெற்ற குறிகாரி எழுந்தார். 1772இல் அலன்சோன் நகரிற் பிறந்த மரீ ஆன் லெனொர்மான் என்ற பெண்மணி அவர். பேரரசி யோசபினும் தம்மிடம் வந்தார் என்று அவரே நூலெழுதிப் புகழ் பரப்பினார். சிறைக்கும் சென்றார். 1843இல் அவர் காலமான பின்னர் அவர் பெயரால் விற்கப்பட்ட 36 சீட்டுக் கட்டு, நியூரம்பேர்க் நகரிலே 1799ஐ ஒட்டி அச்சான 'நம்பிக்கை ஆட்டம்' என்ற பலகை விளையாட்டின் மறுவடிவமாகும். மீண்டும் ஓர் ஆட்டமே ஆரூடமாயிற்று!

என் மாணவனின் கையிலிருந்த படத்திற்கு வருவோம். அது 1909ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த கட்டு. கருத்துரைத்தவர் ஆதர் எட்வேட் வெயிற். வரைந்தவர் பமேலா கோல்மன் சிமித். இளமையில் யமேக்காவில் வாழ்ந்து அந்நாட்டு நாட்டார் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட பெண் அவர். பல மாத உழைப்புக்குக் கிடைத்த கூலியோ சொற்பம் என்று நண்பரொருவருக்கு அவர் கடிதமெழுதியிருக்கிறார். கட்டு நெடுங்காலம் பதிப்பகத்தின் பெயராலும் வெயிற்றின் பெயராலுமே வழங்கியது. 1951இல் கோர்ண்வோல் பகுதியிலே அவர் வறியவராகவே இறந்தார்.

முன்னைய கட்டுகளிலே வாள் ஆறு என்றால் பெரும்பாலும் ஆறு வாள்கள்தாம் இருக்கும். சிமித் அதனை ஒரு காட்சியாக்கினார். ஒரு படகு, தள்ளுபவன் பின்னே நிற்கிறான், முக்காடிட்ட பெண்ணொருத்தியும் குழந்தையும் நமக்கு முதுகுகாட்டிக் குனிந்திருக்கின்றனர். சிறுவயதில் கிளாலிக் கடலை இரவிலே படகிற் கடந்தவன் நான். அந்தச் சீட்டைக் கண்ட கணத்தில் அது என்னுடைய தாயாரும் நானுமே என்று மனம் சொல்லிற்று. நம்பிக்கை எதுவும் இல்லாத எனக்கே அப்படி. சீட்டில் மனிதருக்கு முதல் ஈடுபாடு பிறக்கும் இடம் இதுதான் என்பதை அன்று உணர்ந்தேன். பலித்த குறியைக் கண்டு எவரும் அதனருகே செல்வதில்லை. படம் ஒன்று நம் கதையைத் தொடங்கிவைக்கிறது. மீதியை நாமே சொல்லி முடிக்கிறோம். பழைமை என்ற பேச்சு பின்னர் வந்து அதற்கு முத்திரை குத்துகிறது.

படைப்பாளிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். முதலாம் உலகப் போரின் பின்னர், 1922இல் வெளியான 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதையிலே ரி.எஸ்.எலியட் ஒரு குறிகாரியைக் கொண்டுவருகிறார். அவளுடைய சீட்டுகளில் அகப்படாமற் போவது இதே தொங்கும் மனிதன்தான். டாரட் கட்டின் சரியான அமைப்புத் தமக்குத் தெரியாது என்று எலியட் தம் குறிப்பிலே ஒப்புக்கொண்டமை கருதத்தக்கது. இற்றாலோ கல்வினோ 1973இல் வெளியிட்ட நாவலில், பேச்சிழந்த பயணிகள் சீட்டுகளை அடுக்கியே தத்தம் கதையைச் சொல்கின்றனர். டாரட்டின் மெய்வரலாற்றை நிலைநாட்டியவர் ஒரு சோதிடர் அல்லர். ஒக்ஸ்போட் தருக்கவியற் பேராசிரியர் மைக்கல் டம்மற். 1980இல் வெளிவந்த அவரது பெருநூல் அதனை ஓர் ஆட்டமாகவே ஆராய்ந்தது.

நமது முல்லைப்பாட்டிலே முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் மலரும் தூவி, விரிச்சி கேட்டு நிற்கின்றனர். போருக்குச் சென்றவன் திரும்புவானா என்பதே அவர்களது கேள்வி. கன்றைத் தேற்றும் ஆய்மகளின் சொல் அவர்கள் காதில் விழுகிறது. அதையே நற்சொல்லாகக் கொள்கின்றனர். அந்தப் பெண்ணுக்குப் போரும் தெரியாது, தலைவனும் தெரியான். காத்திருப்போரின் செவியே அச்சொல்லைக் குறியாக்கியது. காத்திருக்கும் இடத்திலேதான் குறி பிறக்கிறது. மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் வாய்திறவாதபோது, மனிதர் படத்தையும் கேட்பர், பறவையையும் கேட்பர்.

இவற்றையெல்லாம் மாணவனுக்குச் சொன்னேன். துரோகி என்றார்கள், விவேகம் என்றார்கள், 1909இல் ஒளிவட்டம் சூட்டி ஆழ்ந்த லயிப்பு என்றார்கள். ஒரே படத்துக்கு மூன்று உரை. எதிலும் உன் மாமாவைப் பற்றிய சேதி இல்லை என்றேன். "அப்ப அம்மம்மாவுக்கு என்ன சொல்ல, சேர்?" என்றான். "வருவார் என்றும் சொல்லாதே, வரமாட்டார் என்றும் சொல்லாதே. இது துரும்பு விளையாடுகிற சீட்டு என்று மட்டும் சொல்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து வந்தான். துரும்பு என்றதும் அம்மம்மா சிரித்துவிட்டாராம். "உன்ரை மாமன் துரும்பைக் கவிட்டு வைச்சுப்போட்டுச் சிரிப்பை அடக்கத் தெரியாதவனடா. கையிலை என்ன கிடக்கெண்டு ஊருக்கே விளங்கிப்போடும்" என்று சொல்லி, அன்றிரவு நெடுநேரம் அவரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாராம். கதைத்தபடியே சோறும் சாப்பிட்டாராம்.

அவரது கேள்வி இன்னும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு மறுமொழி சொல்லும் கடமை அந்த 78 சீட்டுகளுக்கும் உரியதன்று.