மும்மொழிக் கல்லும் கிழக்குக் கரைக் குடிகளும்

கடல் கடந்து இலங்கைக்கு வந்த பேரரசுகள் இங்கு வாழ்ந்த மக்களிடம் எவ்வாறு பேசின என்பதை அறிவதற்கு, கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டு அரிய சான்றாகும். காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து 1911இல் கண்டெடுக்கப்பட்ட இக்கல், மிங் வமிசப் பேரரசர் யோங்லெயின் பெயரில் 1409 பெப்ரவரித் திகதியிட்டுச் சீனாவிலேயே பொறிக்கப்பட்டு, கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களில் இங்கு கொண்டுவரப்பட்டது. இதிலுள்ள சீன வாசகம் புத்தரைப் போற்றுகிறது. தமிழ் வாசகம் தென்கரைத் தெவிநுவரவில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாரை, அதாவது திருமாலின் வடிவாக வணங்கப்பட்ட தெய்வத்தைப் போற்றுகிறது. பெரிதும் தேய்ந்துபோன பாரசீக வாசகம் இஸ்லாத்துக்குரியது. 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என மூன்று சமயத்தாருக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கையே குறிக்கப்பட்டுள்ளது.

அரசவை மொழியான சிங்களம் இக்கல்லில் இடம்பெறாததை நோக்கினால், இது மன்னனைவிடத் துறைமுகங்களில் கூடிய வணிகரை முன்னிட்டே எழுதப்பட்டது எனக் கருதலாம். தென்னிந்தியத் தொடர்புடைய வணிகரிடையே தமிழும், இந்து சமுத்திரத்து முஸ்லிம் வணிகரிடையே பாரசீகமும் பொதுமொழிகளாக வழங்கிய காலம் அது. செங் ஹே சீனாவின் யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரது பிந்திய பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்று, கண்ட நாடுகளைப் பற்றி நூல் எழுதிய மா ஹுவானும் முஸ்லிமே. பிறர் வணங்குவதை இன்னதென்று அறிந்து, அவரவர் மொழியில் அவரவர் தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பேசத் தெரிந்த அரசதந்திரம் அது. ஆயினும் இதை வெறும் நட்பின் அடையாளமாக மட்டும் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதே கடற்படை 1411இல் இலங்கையில் ஆட்சி செலுத்திய அழகேசுவரனைப் போரில் வென்று சிறைப்படுத்திச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. பேரரசரே பின்னர் அவனை விடுவித்தார்.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து வந்த போர்த்துக்கேயர், தம் சமயத்துக்கு வெளியிலிருந்தவற்றுக்கு அத்தகைய இடத்தைத் தரவில்லை. சீனக் கல்லில் போற்றப்பட்ட அதே தெவிநுவரக் கோயிலை அவர்கள் 1588இல் கொள்ளையிட்டு அழித்தனர். முஸ்லிம்களை வணிகப் போட்டியாளராகவும், ஐபீரிய மண்ணில் தாம் நெடுங்காலம் போரிட்ட பழைய பகைவரின் இனமாகவும் ஒருங்கே நோக்கிய அவர்கள், 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் வெளியேற்றப்பட்டவர்களுக்குப் புகலிடம் அளித்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் எடுத்துரைக்கும் செய்தி. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களைக் கொண்ட இன்றைய அம்பாறைக் கரையும் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது.

இக்கரையில் முஸ்லிம்களுக்கு அதற்கு முன்பிருந்தே உறவுகள் இருந்தன. இக்கரையின் சமூகத்தாரான திமிலருக்கும் முக்குவருக்கும் இடையிலான போரில் முக்குவருக்குப் பட்டாணியர் எனப்படும் முஸ்லிம்கள் துணைநின்றனர் என்றும், அதற்கு ஈடாக முக்குவப் பெண்களை மணந்தனர் என்றும் வாய்வழி மரபு கூறுகிறது. அது எவ்வளவு வரலாறு எவ்வளவு கதை என்பது ஒருபுறமிருக்க, அருகருகே வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குடிமுறையைக் கைக்கொண்டனர் என்பது உறுதி. குடி என்பது தாய்வழியாகத் தொடரும் வமிசப் பிரிவு. பிள்ளை தாயின் குடியையே சேரும், ஒரே குடிக்குள் மணம் கொள்வது தவிர்க்கப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டில் குடிபுகுவான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் பிரதிநிதிகளாக மரைக்காயர் இடம்பெறுவர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் நடைபெறும் கொடியேற்றமும் இக்கரை வாழ்வின் பகுதியாகும்.

பின்னர் ஆட்சிக்கு வந்த பிரித்தானியர் 1806இல் முகம்மதியச் சட்டக்கோவையை வெளியிட்டபோது, ஒவ்வொரு சமயத்தாருக்கும் அவரவர் சட்டம் என்ற நல்ல கொள்கையையே பின்பற்றினர். ஆனால் ஒரு சமயத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்பதற்கு அதில் இடமிருக்கவில்லை. தாய்வழிக் குடியை அறியாத அச்சட்டக்கோவை 1852இல் தீவு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. கிழக்குக் கரையினர் அதை எதிர்க்கவும் இல்லை, தம் வழக்கத்தைக் கைவிடவும் இல்லை. மகளின் திருமணத்தின்போதே வீட்டையும் வயலையும் சீதனமாக அவளுக்கு எழுதிக்கொடுத்துவிடும் வழக்கம் தொடர்ந்ததால், பெற்றோர் இறந்தபின் வாரிசுரிமைச் சட்டப்படி ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் பங்கிடுவதற்குப் பெரும்பாலும் சிறிதளவு சொத்தே எஞ்சியது.