டெக் பயனர் குழு

டெக் பயனர் குழு என்பது டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரல்மொழியைப் பயன்படுத்துவோர் தங்களுக்குள் நடத்திவரும் லாப நோக்கற்ற அமைப்பு. 1980-இல் அமெரிக்காவில் தொடங்கியது. மொழியை எழுதியவர் ஒரே மனிதர். அதைப் பல கணினிகளுக்கும் பல எழுத்துமுறைகளுக்கும் கொண்டுசென்றவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காத பயனர்கள். கணினி வரலாற்றில் அவர்களுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத், ‘கணினி நிரலாக்கக் கலை’ நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியை 1977-இல் மறுபதிப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். முதற்பதிப்பு ஈய எழுத்துகளால் கோக்கப்பட்டது. ஒளிப்பட முறையில் கோத்து வந்த புதிய மெய்ப்புகளின் எழுத்துகள் அவருக்குச் சகிக்கவில்லை. தாமே ஒரு மொழி எழுதிவிடுவது என்று முடிவெடுத்தார். சில மாத வேலை என்று நினைத்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. 1978-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தில் அவர் ஆற்றிய உரை கணிதவியலாளர்களை ஈர்த்தது. சமன்பாடுகளைக் கோக்கும் செலவும் அதில் நேரும் பிழைகளும் அவர்களின் நெடுநாள் தலைவலி. குழு பிறந்தபோது முன்னின்று தாங்கியது அந்தக் கழகம்தான்.

அக்காலத்தில் ஒரு கணினிக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் அப்படியே ஓடாது. அதனால் ஒவ்வொரு கணினி வகைக்கும் ஒருவர் பொறுப்பேற்று, டெக்கை அதில் ஓடச் செய்தார். நிரல் காந்த நாடாக்களில் ஏறி அஞ்சலில் பயணித்தது. குழுவின் இதழான ‘டக்போட்’ 1980 அக்டோபரில் வெளிவரத் தொடங்கியது. 1983-இல் ஆசிரியர் பொறுப்பேற்ற பார்பரா பீட்டன் பல பத்தாண்டுகள் அதைத் தாங்கி நடத்தினார்.

குழுவின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1989-இல் ஸ்டான்ஃபோர்டில் கூடிய மாநாடு. அதுவரை டெக் 128 குறியீடுகளை மட்டுமே உள்ளே வாங்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். ஜெர்மன், பிரெஞ்சு, சுவீடிஷ் எழுத்துகளின் தலைமேல் வரும் குறிகளைத் தனிக் கட்டளையால்தான் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய சொல்லை, குறிக்குப் பின் எந்த இடத்திலும் வரிமுடிவில் உடைக்க டெக் மறுத்துவிடும். நீண்ட ஜெர்மன் சொல் ஓரத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கும். குனூத்தோ வேலை முடிந்தது என்று கருதியிருந்தார். ஐரோப்பியப் பயனர்கள் தங்கள் கோரிக்கையைக் காரணங்களோடு முன்வைத்தார்கள், அவர் இறங்கிவந்தார். 1990-இல் வெளியான மூன்றாம் பதிப்பு 256 குறியீடுகளை ஏற்றது. பல மொழிகளின் சொல்பிரிப்பு விதிகளை ஒரே ஆவணத்தில் கையாண்டது. படைத்தவரே மூடிய கதவைப் பயனர்கள் திறக்க வைத்த இந்நிகழ்வே குழுவின் தலையாய சாதனை என்பேன்.

அதே ஆண்டு, இனிப் பிழைதிருத்தம் தவிர வேறு மாற்றம் செய்யப்போவதில்லை என்று குனூத் அறிவித்தார். பதிப்பு எண் அன்றுமுதல் பை என்ற கணித மாறிலியை நோக்கி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கமாக நீள்கிறது. டெக்கில் பிழை கண்டுபிடிப்போருக்கு அவர் 2008 வரை 327.68 டாலர் காசோலை தந்துவந்தார். வந்து குவியும் புகார்களில் பதரை நீக்கி உண்மையான பிழைகளை மட்டும் அவர் பார்வைக்கு அனுப்புவது தன்னார்வலர்களின் வேலை. அவர் அவற்றைப் பார்க்கும் இடைவெளியும் ஒவ்வோர் ஆண்டாகக் கூடிவருகிறது: 2008, 2014, 2021.

மொழி உறைந்ததால் வளர்ச்சி முழுவதும் பயனர்கள் கைக்கு வந்தது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, போலந்து ஆகிய நாடுகளில் தனிக் குழுக்களும் இயங்கின. டெக் தொகுப்புகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் ‘சிடான்’ களஞ்சியம் 1990-களின் தொடக்கத்தில் உருவானது. ஒரே குறுந்தகட்டில் எல்லாம் தந்த ‘டெக் லைவ்’ 1996-இல் வந்தது. இவ்விரண்டிலும் உழைத்த செபாஸ்டியன் ராட்ஸ் தனியே நினைவுகூரத் தக்கவர்.

இந்திய டெக் பயனர் குழு 1998-இல் திருவனந்தபுரத்தில் அமைந்தது. கணிதப் பேராசிரியர் கே. எஸ். எஸ். நம்பூதிரிபாட் அதன் தலைவராக இருந்தார், சி. வி. ராதாகிருஷ்ணன் முன்னின்று உழைத்தவர். பன்னாட்டு ஆண்டு மாநாடு 2002-இலும் 2011-இலும் அந்நகரில் கூடியது. தமிழைப் பொறுத்தவரை, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே தொடக்க காலத்திலேயே டெக்குக்கான தமிழ் எழுத்துரு ஒன்றைச் செய்தார். ஆனால் தமிழை ஒருங்குறியில் நேரடியாகத் தட்டிக் கோக்கும் வழியை ஜோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட ‘சீடெக்’ தான் திறந்தது. பிறகும் ஒரு குறை இருந்தது. புள்ளி வைத்த மெய் வரியின் தொடக்கத்தில் நிற்கக் கூடாது என்பது தமிழ் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். கணினிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் சொல்பிரிப்பு விதிகளைக் கேரளத்தின் சந்தோஷ் தொட்டிங்கல் எழுதித் தந்தார். இன்று டெக் லைவ் நிறுவும் எவருக்கும் அவை தொகுப்போடு சேர்ந்தே கிடைக்கின்றன.