குளியாளியின் கணக்கு யார் கையில்?

நம்ம ஊர்ப் பக்கம் "குளிக்கப் போறோம்" என்றால் மெயின் அருவியா, ஐந்தருவியா, பழைய குற்றாலமா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதே சொல்லுக்குத் தூத்துக்குடியில் அர்த்தம் வேறு. முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது. அங்கே அது தொழில். செய்கிறவர் பெயர் குளியாளி. இரண்டு குளியலுக்கும் ஒரு தண்ணீர்த் தொடர்பும் உண்டு. குற்றாலத்தில் விழுவது சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. போதாததற்கு 1986 வரை தென்காசியும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். அதனால் இதை வெளியூர்க் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்தப் பதிவு, கடலுக்குள் போகிறவர்களைப் பற்றிக் கணக்கு எழுதி வைக்கிற வரலாறு. பி.காம். படிக்கிற ஆளுக்கு வேறென்ன கண்ணில் படும் :-)

முத்துக்குளிப்பில் கணக்குக்குப் பஞ்சமே இல்லை. சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஒரு பாரில் குளிக்க அனுமதி கொடுக்கும் முன் அரசாங்கம் சோதனை போடும். குளியாளிகளை இறக்கி, எத்தனை முறை மூழ்கினார்கள், எத்தனை சிப்பி வந்தது, ஒரு மூழ்கலுக்குச் சராசரி எத்தனை என்று அட்டவணை எழுதுவார்கள். மாதிரிச் சிப்பிகளைத் திறந்து முத்துக்கு விலை மதிப்பார்கள். குளிப்பு நடக்கும்போது, கரைக்கு வந்த சிப்பியைக் குளியாளிகளே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று அவர்களுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். இலங்கைப் பக்கம் 1905இல் நடந்த குளிப்பில் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல். அதே ஆண்டு நம் கரைப் பார்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் மதராஸ் அரசுக்கு ஒரு முழு அறிக்கையே கொடுத்தார்.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. 'மூழ்கல்' என்பது அங்கே ஒரு அளவுகோல். நாம் படி, மரக்கால் என்று சொல்வதுபோல. அளக்கப்படுவது சிப்பி; மூழ்கியவர் இல்லை. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக ஒன்பது, பத்து மீட்டருக்குக் கீழே போய், ஒரு நிமிடம் சொச்சம் மூச்சடக்கி, கைக்குக் கிடைத்ததை வலைப்பையில் அள்ளி வந்தவர் இன்று எத்தனை முறை, எவ்வளவு நேரம் கீழே இருந்தார் என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. சரக்குப் பதிவேடு பக்காவாக இருக்கும், ஆளுக்கு ஒரு வரி இருக்காது. பெரிய தவறாக அன்று யாருக்கும் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். மூச்சடக்கிப் போகிறவரின் நேரத்துக்கு அவர் நுரையீரலே எல்லை போட்டுவிடும்.

காற்றுச் சிலிண்டர் வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் அக்வாலங்கை உருவாக்கினார்கள். 1960இல் உலக உணவு வேளாண் நிறுவனத்துக்காகப் பஸ்கியேரி சால்வதோரி மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகு மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்களே சிலிண்டர் மாட்டிப் பார்களை ஆராய்ந்தார்கள். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது.

சிலிண்டரோடு போகிறவருக்கு ஆபத்து வேறு ரூபத்தில் வரும். அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம், மரணம் வரை போகலாம். ஜான் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டுச் சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வரவேண்டும் என்று 1908இல் அட்டவணை போட்டார். அன்றிலிருந்து ஆழமும் நேரமும் உயிர் சம்பந்தப்பட்ட எண்கள். மூழ்குபவர்கள் கைக்கடிகாரத்தையும் ஆழமானியையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த நோட்டை இயந்திரம் வாங்கிக்கொண்டது 1980களில். 1983இல் அமெரிக்காவில் ஆர்கா எட்ஜ் வந்தது. சில ஆண்டுகளில் பின்லாந்தின் சூன்டோ, சுவிட்சர்லாந்தின் அலாடின். இவற்றை டைவ் கம்ப்யூட்டர் என்பார்கள்.

இது எப்படி எழுதுகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அதற்கு ஆழம் என்றால் என்னவென்றே தெரியாது! அழுத்தம் மட்டும்தான் தெரியும். கடலில் பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று கணக்குப் போட்டு ஆழத்தைச் சொல்கிறது. (நன்னீர் லேசானது. கடலுக்கென்று அமைத்த கருவியைக் குளத்தில் இறக்கினால் இரண்டு மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும்.) இருபது விநாடிக்கு ஒருமுறை ஒரு எண் என்றால் ஐம்பது நிமிடத்துக்கு 150 எண்கள். கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் பழைய அலாடினின் மொத்த நினைவகமே சுமார் 2 கிலோபைட். அதனால் சிலேட்டு முறை: இடம் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து, மிகப் பழையதை அழித்துவிட்டு எழுதும். அதற்குள் நாம் கணினிக்கு இறக்கிக்கொள்ளாவிட்டால் போனது போனதுதான்.

தேதிக் கதை இன்னும் வேடிக்கை. சில மாடல்களுக்குள் காலண்டரே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிக் எண்ணிக்கை மட்டும். இறக்கும்போது கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கழித்துத்தான் தேதி கிடைக்கும். கணினியில் தேதி தப்பென்றால் மூழ்கல் தேதி அத்தனையும் தப்பு.

ஆரம்பத்தில் சீரியல் கேபிள், பிறகு அகச்சிவப்பு, யுஎஸ்பி, இப்போது புளூடூத். வயர் மாறியதே தவிர ஒரு வம்பு மாறவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவத்தில் எழுதும். படிக்க அவர்கள் மென்பொருளே வேண்டும். நம் கணக்கை நாமே படிக்க இன்னொருவர் சாவி. இதை உடைக்க எழுந்தது லிப்டைவ்கம்ப்யூட்டர் என்ற திறந்த நிரல்; பல கம்பெனிக் கருவிகளின் பைட்டுகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துச் செய்தது. அதை வைத்து 2011இல் சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கியவர் யார் தெரியுமா? லினக்ஸ் எழுதிய அதே லினஸ் டோர்வால்ட்ஸ். அவருக்கு மூழ்கல் பொழுதுபோக்கு.

பொழுதுபோக்காக மூழ்குகிறவரின் ஒவ்வொரு இருபது விநாடிக்கும் இப்படிக் கணக்கு இருக்கிறது. மன்னார் வளைகுடாக் கரையில் சங்கு குளிக்கிறவர்களில் பலர் படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அதே நைட்ரஜன், அதே குமிழி. ஆனால் சாதாரண டைவ் கம்ப்யூட்டருக்கே நல்ல விலை கொடுக்க வேண்டும். கரைக்கு வந்த சங்குக்கு அளவும் விலையும் எழுதப்படும். மூட்டு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரின் முதல் கேள்வி எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பது. அதற்கு அவர் மனசில் நினைவு வைத்திருப்பதைத்தான் சொல்ல வேண்டும்.