பட்டினியில் பிறந்த மருந்து

அக்கரப்பத்தனைப் பக்கம் கவ்வாத்து வெட்டி மொட்டையாய்க் கிடக்கும் தேயிலை மலையில், காய்ந்த நாட்களுக்குப் பின் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையைத் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் மறப்பதில்லை. வட இந்தியாவின் கன்னோஜ் நகரத்து அத்தர்காரர்கள் சுட்ட களிமண்ணை வடித்து, அந்த வாசனையைச் சந்தன எண்ணெயில் இறக்கி, ‘மிட்டி அத்தர்’ என்று விற்றுவருகிறார்கள். இவ்வாசனையின் முக்கிய பொருளான ஜியோஸ்மினை 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கேர்பரும் லெச்செவலியேயும் பிரித்தெடுத்தனர். அதைச் செய்வது மண்ணில் நூல் நூலாக வளரும் ஸ்ரெப்டோமைசிஸ் என்னும் பற்றீரியாக் கூட்டம்.

அதே பல்கலைக்கழகத்தில், அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்துதான் 1943இல் அல்பேர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். கசரோகத்தை வென்ற முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது. ஒரே காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்த லய வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, கசரோகம் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1952இல் நோபல் பரிசு அவருடைய ஆசிரியர் செல்மன் வக்ஸ்மனுக்கு மட்டும் போனது. இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற பெயரைப் பெறுவதற்கே ஷாட்ஸ் 1950இல் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது பரிசின் கதையல்ல, தீனியின் கதை. நன்றாகத் தின்று கொழுத்து வளரும் நுண்ணுயிர் மருந்தைத் தருவதில்லை. இந்த உண்மை 1941இல், போர் நடுவே, இரண்டு ஊர்களில் ஒன்றையொன்று அறியாமல் தலைகாட்டியது.

முதலாவது ஊர் அமெரிக்காவின் பியோரியா. ஒக்ஸ்போர்ட்டில் பென்சிலினைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த புளோரியும் ஹீட்லியும் அவ்வாண்டு ஜூலையில் உதவி தேடி அமெரிக்கா போனார்கள். பியோரியாவின் விவசாய ஆய்வுகூடத்தில் ஹீட்லியுடன் வேலை செய்த அன்ட்ரூ மோயர், சோளத்திலிருந்து மா எடுக்கும்போது எஞ்சும் ஊறல் நீரைப் பூஞ்சணத்துக்கு ஊட்டினார். சர்க்கரையையும் மாற்றி, பாற்சர்க்கரையான லக்டோஸ் கொடுத்தார். விளைச்சல் பன்மடங்காகியது. காரணம் பிறகுதான் தெளிந்தது. குளுக்கோஸைப் பூஞ்சணம் ஆவலாய் விழுங்கி உடம்பை வளர்க்கிறது. லக்டோஸ் மெதுவாகவே செரிக்கிறது. அந்த அரைப்பட்டினியில்தான் பென்சிலின் ஊறுகிறது.

இரண்டாவது ஊர் நாஸிகள் பிடித்திருந்த பாரிஸ். பின்னாளில் தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் இயங்கிய ஜாக் மொனோ, அங்கே பற்றீரியாக்களுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். அவை குளுக்கோஸை முடித்துவிட்டு, சற்று நின்று, பிறகே மற்றதைத் தொட்டன. அந்தச் சிறு நிறுத்தம் எதற்கு? இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 1961இல் மொனோவும் பிரான்சுவா ஜக்கோபும் விடை சொன்னார்கள்: பரம்பரையலகுகள் எப்போதும் விழித்திருப்பவை அல்ல, உணவைப் பொறுத்து அவை திறக்கவும் மூடவும் படுகின்றன. பூஞ்சணமும் பற்றீரியாவும் இதற்குக் கையாளும் கருவிகள் வேறுவேறுதான். ஆனாலும் பியோரியாவின் தொட்டிக்கும் பாரிஸின் குடுவைக்கும் பின்னால் நின்ற கேள்வி ஒன்றே.

ஸ்ரெப்டோமைசிஸில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. பொஸ்பேட் தாராளமாகக் கிடைத்தால் பல நுண்ணுயிர்க்கொல்லிகளின் உற்பத்தி அடங்கிவிடும் என்பதைத் தொழிற்சாலைகள் அனுபவத்தில் அறிந்திருந்தன. பொஸ்பேட் குறையும்போது செய்தியைப் பரம்பரையலகுகளுக்குக் கொண்டுசெல்லும் புரதத்தின் பங்கை 2003இல் ஸ்பெயினின் லெயோன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2008இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மேலும் வியப்பானது. பூச்சி ஓட்டிலும் பூஞ்சணச் சுவரிலும் உள்ள கைற்றின் உடைந்து வரும் ஒரே சர்க்கரை, செழிப்பான காலத்தில் ‘வளர்’ என்றும், வறண்ட காலத்தில் ‘மருந்து செய்’ என்றும் பொருள்படுகிறது. உணவு தீரும்போது இந்தப் பற்றீரியா தன் பழைய நூல்களையே சிதைத்து, அந்தச் சத்தில் வித்திகளைக் கட்டுகிறது. அயலார் அந்தச் சத்தைத் திருடாமலிருக்கவே நுண்ணுயிர்க்கொல்லியைச் சுரக்கிறது என்பது பலரது கருத்து. மண்வாசனையும் இந்த வேளையோடு சேர்ந்ததுதான். ஜியோஸ்மின் செய்யும் பரம்பரையலகை வித்தி கட்டும் ஏற்பாடே இயக்குகிறது என்றும், வாசனைக்கு வரும் சிறு மண்பூச்சிகள் வித்திகளைச் சுமந்து செல்கின்றன என்றும் 2020இல் தெரியவந்தது.

நோன்பை இங்கே உவமையாக இழுக்க நமது மேடைப் பேச்சாளருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பற்றீரியாவுக்கு நிய்யத் கிடையாது.

2002இல் ஸ்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்னும் இனத்தின் மரபுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. 7,800க்கு மேற்பட்ட பரம்பரையலகுகள். இத்தகைய பொருட்களைச் செய்யக்கூடிய இருபதுக்கு மேற்பட்ட தொகுதிகள் அவற்றுள் இருந்தன. அதுவரை அறியப்பட்டிருந்தவையோ ஒரு சில. மற்றவை ஆய்வுகூடத்துச் சத்துணவில் உறங்கிக் கிடக்கின்றன. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிட்ட இன்றைய நிலையில், அவற்றை எழுப்பும் பட்டினி எது என்பதே தேடல்.

அந்தத் தேடலுக்கு மண் வேண்டும். மண் யாருடையது? 1949இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோவிலிருந்து டாக்டர் அபெலார்டோ அகிலார் அனுப்பிய மண்ணிலிருந்துதான் எரித்ரோமைசின் வந்தது. உரிமைப் பங்கு எதுவும் கிட்டாமலே அவர் 1993இல் காலமானார். ஒரு நாட்டின் உயிர்வளம் அந்நாட்டுக்கே உரியது என்று உலக உடன்படிக்கை எழுதப்பட்டது 1992இல்தான்.

இந்தியா வேறொரு வழி பார்த்தது. 1954இல் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் அன்டிபயோட்டிக்ஸ் நிறுவனத்தில், எம்.ஜே. திருமலாச்சாரும் கூட்டாளிகளும் உள்ளூர் மண்ணையே கிளறி, பூஞ்சணத்தை அழிக்கும் ஹமைசினைக் கண்டார்கள். அதைத் தந்த நுண்ணுயிருக்கு ஊரின் பெயரையே சேர்த்து ‘ஸ்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா’ என்றார்கள். நமது மலையகத்திலோ, ஆண்டாண்டாக உரமுண்ட தேயிலை மண்ணும் பெரும்பாலும் உரம் காணாத ஹோட்டன் சமவெளி மண்ணும் அருகருகே கிடக்கின்றன. ஒன்று ஊட்டியது, மற்றது பட்டினி கிடந்தது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு மண்ணிலும் ஒவ்வொரு பிடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை.