பந்தும் பாடமும்: வகுப்பறையில் முப்பரிமாணப் பொருள்கள் செய்யும் இருவேறு பணிகள்

1865-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றிய வேதியியலாளர் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன், குரோக்கே என்னும் புல்வெளி விளையாட்டின் மரப்பந்துகளுக்கு வண்ணம் பூசி, அவற்றைக் குழாய்களால் இணைத்து மூலக்கூறுகளாகக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், ஹைட்ரஜனுக்கு வெள்ளை. நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் இன்றும் உள்ள பந்து-குச்சி மாதிரிகளின் நிறங்களுக்கு மூலம் அந்த மேசைதான். ஆனால் அவர் காட்டிய மீத்தேன் தட்டையாக இருந்தது. நடுவில் ஒரு கார்பன், அதைச் சுற்றி ஒரே தளத்தில் நான்கு ஹைட்ரஜன். 1874-இல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே எழுதிய பிறகுதான் கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நிற்கின்றன என்ற கருத்து பிறந்தது. வான்ட் ஹாஃப் அட்டையை மடித்துச் சிறு நான்முகிகள் செய்து சக வேதியியலாளர்களுக்கு அனுப்பிவைத்தார்.

ஹாஃப்மனின் பந்துகள் முப்பரிமாணம் கொண்டவை. அவற்றை அவர் அடுக்கிய முறையில் மூன்றாம் பரிமாணம் இல்லை. முப்பரிமாணப் பொருள் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டாலே பாதிக் கற்பித்தல் முடிந்தது என்று நம் ஆசிரியர் பயிற்சிகளில் பரவியிருக்கும் எண்ணத்தை இந்த ஒரு நிகழ்வே கேள்விக்கு உட்படுத்துகிறது. ‘டி.எல்.எம்.’ (கற்பித்தல்-கற்றல் பொருள்கள்) என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் பொருள்கள் உண்மையில் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் பயன்படுத்துவதால்தான் நல்ல பொருள்களும் வீணாகின்றன என்பது என் வாதம்.

முதல் வகைப் பொருள், தன் வடிவிலேயே பாடத்தைச் சுமக்கிறது. இதை வடிவுப் பொருள் எனலாம். 1939-இல் அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியின் பொன்மணிகள் இதற்கு நல்ல சான்று. ஒன்று ஒரு மணி. பத்து ஒரு கோல். நூறு ஒரு சதுரம். ஆயிரம் ஒரு கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கும் குழந்தையின் கை அதன் கனத்தில் சற்றே தாழும். இடமதிப்பு அங்கே கைக்கே தெரிகிறது. இரண்டாம் வகைப் பொருள் வேறொன்றுக்குப் பதிலாக நிற்கிறது. பூமிக்கு உலக உருண்டை, நிலவுக்கு ரப்பர் பந்து, இதயத்துக்குத் தெர்மாகோல். இது பதிலிப் பொருள்.

வடிவுப் பொருளைக் குழந்தையே செய்ய வேண்டும். இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு பத்தாம் வகுப்பு காரணம். ஆரம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ. கொண்ட உருளையையும், அதே ஆரமும் உயரமும் கொண்ட கூம்பையும் சார்ட் பேப்பரில் செய்து, கூம்பில் மணலை நிரப்பி உருளையில் மூன்று முறை கொட்ட வேண்டும். ஒரு குழுவுக்கு மூன்று முறை கொட்டியும் உருளை நிரம்பவில்லை. விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே மணல் இறங்கி நின்றது. மணல் சிந்திவிட்டது என்றார்கள், மீண்டும் செய்தார்கள், அதே இடைவெளி. பிறகு ஒரு மாணவி இரண்டையும் மேசையில் அருகருகே கவிழ்த்து வைத்தாள். கூம்பு ஒரு விரல் அகலம் குட்டையாக இருந்தது. 12 செ.மீ. ஆரத்தில் வட்டக்கோணப்பகுதியை வெட்டிச் சுருட்டியதால், அந்த 12 கூம்பின் சாயுயரமாகிவிட்டது. உண்மையான உயரம் 144-இல் 25-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது, ஏறத்தாழ 10.9. மணலும் உருளையில் அந்த அளவுக்குத்தான் ஏறியிருந்தது. சாயுயரமும் உயரமும் வேறு என்று அதுவரை பலமுறை எழுதிப் படித்த பிள்ளைகள், அந்த ஒரு சென்டிமீட்டர் வெற்றிடத்தில்தான் அதைக் கண்டார்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கூம்பு முதல் முறையிலேயே சரியாக மூன்று தடவையில் நிரப்பியிருக்கும். இந்தப் பிழைக்கு அதில் இடமே இல்லை.

மீத்தேனுக்கும் இப்படி ஒரு வழி உண்டு. ஒரே அளவு ஊதிய நான்கு பலூன்களை இரண்டிரண்டாகக் கட்டி, இரண்டு கட்டுகளையும் முடிச்சருகே ஒன்றோடொன்று முறுக்கினால் அவை தாமாகவே நான்முகி வடிவத்தில் நிற்கும். தரையில் வைத்து அழுத்தித் தட்டையாக்கினால் கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கே திரும்பும். கரும்பலகையில் 90 பாகையாகத் தெரிந்த கோணம் ஏன் 109.5 பாகை என்பதை அந்தத் திமிறல் உணர்த்தும். எலக்ட்ரான் விலக்கம் வேறு, ரப்பரின் நெருக்கடி வேறு என்பதை ஆசிரியர் சொல்லியே ஆக வேண்டும்.

பதிலிப் பொருளின் கதை வேறு. உளவியலாளர் ஜூடி டிலோச் 1987-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையின் சிறிய மாதிரிக்குள் ஒரு சிறு பொம்மையை ஒளித்துக் காட்டி, உண்மையான அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள். இரண்டரை வயதினருக்குச் சிறிய பொம்மை இருந்த இடம் நன்றாக நினைவிருந்தும் பெரியதைத் தேடத் தெரியவில்லை. அதற்குப் பின் அவர் கண்டதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மாதிரியை வைத்து முதலில் விளையாடவிட்ட மூன்று வயதினரின் வெற்றி குறைந்தது. மாதிரியைத் தொட முடியாதபடி கண்ணாடிக்குப் பின்னால் வைத்தபோது இரண்டரை வயதினரின் வெற்றி கூடியது. விளையாட்டுப் பொருளாக ஊன்றிவிட்ட ஒன்று, வேறொன்றைச் சுட்டுவதை நிறுத்திவிடுகிறது. பள்ளி அலமாரிகளின் கண்ணாடிக் கதவுகளை இத்தனை ஆண்டுகளாகக் கண்டித்துவந்தவன் நான். எல்லாவற்றையும் தொடவிடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் குழந்தைகள் பள்ளி வயதுக்கு முந்தையவர்கள்தான். ஆனால் பெரியவர்களாகும்போது சிக்கல் மறைவதில்லை, கடினமான பாடங்களுக்கு இடம் பெயர்கிறது. நிஜப் பணத்தைப் போன்ற தாள்களையும் காசுகளையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னபோது மாணவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்று ஆய்வாளர் மெக்நீலும் சகாக்களும் 2009-இல் காட்டினார்கள். அந்தத் தவறுகளில் கருத்துப் பிழைகள் குறைவு என்பதையும் அவர்களே பதிவுசெய்தார்கள். கணிதக் கைப்பொருள்கள் பற்றிய 55 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டின் ஆய்வு, பயன் உண்டு என்றும், அது பெரிதல்ல என்றும், ஆசிரியர் தரும் வழிகாட்டலைப் பொறுத்து மாறுகிறது என்றும் கண்டது. வழிகாட்டல் என்ற அந்தச் சொல்லை நம் பயிற்சிக் கையேடுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பதிலிப் பொருளில் எது உண்மையை ஒத்தது, எது ஒவ்வாதது என்று வாய்விட்டுச் சொல்வதே அந்த வழிகாட்டல்.

திரையைப் பற்றியும் ஒரு சொல். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களின் க்யூஆர் குறியீடுகள் வழியே சுழலும் உருவங்களைப் பார்க்க முடிகிறது. இதயத்தின் உள்ளறைகளைக் காட்ட அவை போதும். கூம்பின் கதைக்குப் போதாது. திரைக்கூம்பு எப்போதும் சரியான உயரத்திலேயே பிறக்கிறது. பார்வையற்ற மாணவருக்கோ திரையில் சுழலும் உருவம் எதையும் தராது. தொட்டறியும் பொருள்தான் அவருக்குப் பாடநூல்.

பதிலிப் பொருளை நேர்மையாகப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு நிலவை எடுத்துக்கொள்கிறேன். பாடநூல் படங்களில் நிலவு பூமிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மேசை மாதிரிகளிலும் அப்படித்தான். அதனால்தான் மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பள்ளியில் இருக்கும் உலக உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நிலவுக்கு 8 செ.மீ. பந்து வேண்டும். நிலவின் தொலைவு பூமி விட்டத்தைப் போல் 30 மடங்கு என்பதால் பந்தை 9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். வகுப்பறைக்குள் அந்தத் தூரம் கிடைக்காது, தாழ்வாரத்துக்குத்தான் போக வேண்டும். 9 மீட்டர் நூலின் ஒரு முனையை உருண்டைக்கு அருகில் ஒருவர் பிடிக்க, மறுமுனையில் பந்தோடு ஒருவர் நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். இவ்வளவு தூரமா என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அங்கே நின்றதும் அடுத்த அளவைச் சொல்லலாம். நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்தது. இந்த அளவுகோலில் அது பந்தை உருண்டையின் மட்டத்திலிருந்து 80 செ.மீ. வரை மேலேயோ கீழேயோ கொண்டுபோகும். பூமியின் முழுநிழலோ அந்தத் தொலைவில் இரண்டு சாண் விட்டம்கூட இருக்காது. பந்தைப் பிடித்திருக்கும் பிள்ளை கையை உயர்த்தினால் போதும்; நிழல் அதற்கு வெகு கீழே போய்விடுகிறது.