பங்கிடத் தகுந்த எண்கள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்குமிடத்தில், காஞ்சிக்கு அருகே அமைந்த ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டொன்று பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைப் பற்றி உரைக்கிறது. நோயாளருக்குச் செய்த அறத்தை நாம் பலகாலும் போற்றியிருக்கிறோம். அந்த அறத்தின் பின்னே நின்ற கணக்கை அவ்வளவாக நோக்கியதில்லை.

மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். அறுவை செய்வோருக்கு 30 கலம். ஒரு கலம் என்பது 12 குறுணி. குறுணிக்கு 8 நாழி. ஆண்டை 360 நாளாகக் கொண்டு வகுத்தால், முன்னவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணியும் பின்னவருக்கு ஒரு குறுணியும் மீதமின்றி வருகின்றன. 12 என்ற எண்ணை ஆறு எண்களும், 360 என்ற எண்ணை இருபத்து நான்கு எண்களும் மீதமின்றி வகுக்கும். படியளப்போர்க்குப் பத்தைவிடப் பன்னிரண்டு ஏன் உகந்தது என்பது இதனால் விளங்கும்.

தன்னிலும் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான வகுஎண்களை உடைய எண்களைத் தனியே பிரித்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். சிறுவயதில் சிறிது காலம் காஞ்சியில் வாழ்ந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வாயிலாக இவ்வாய்வை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவருக்குப் பட்டம் ஈட்டித் தந்ததும் இதுவே. போர்க்காலத்தில் கழகத்திற்கு ஏற்பட்ட பண நெருக்கடியால் ஆய்வின் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது முழுமையாக இதழில் வந்தது 1997-இல்தான்!

அவர் தந்த அட்டவணையின் இறுதி எண் 6,74,63,28,38,88,800. இதைப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். 23-க்கு மேற்பட்ட பகா எண் எதுவும் இல்லை. சிறிய பகா எண்கள் பன்முறை, பெரியவை ஒருமுறை. இவ்வகை எண்களின் இயல்பு இதுவே. இதை மீதமின்றி வகுக்கும் எண்கள் 10,080.

கையாலேயே கணக்கிட்ட அந்நீண்ட அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருந்ததைப் பின்வந்தோர் கண்டனர்: 2,93,31,86,25,600. அந்த மாமேதையின் புகழ் இதனால் குறைந்துவிடவில்லை. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது, அவரே எழுதிவைத்த அந்த இறுதி எண்தான். ஒரு 23 நீங்குவதால் வகுஎண்களும் சரிபாதியாகி 5,040 ஆகின்றன.

இந்த 5,040 வரலாற்றில் முன்னரே பெயர் பெற்ற எண். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில், கற்பனை நகரொன்றுக்கு 5,040 குடும்பங்களே இருக்கட்டும் என்று வகுத்தார். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் அது மீதமின்றி வகுபடும். நிலத்தையும் கடமையையும் எப்படிப் பங்கிட்டாலும் எவரும் விடுபடமாட்டார் என்பதே அவர் காட்டிய காரணம்.