காணிக்கு நாலு மூட்டை ஜிப்சம்

தென்னாற்காட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பணப்பயிர் ஆனதற்குப் புதுச்சேரித் துறைமுகம்தான் முதல் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சு வியாபாரிகள் கடலையைக் கப்பலேற்றி மார்செய் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதை ஆட்டி எண்ணெய் எடுத்துச் சோப்பு காய்ச்சினார்கள். 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. கம்பும் வரகும் விளைந்த செம்மண் கொல்லைகள் ஒவ்வொன்றாகக் கடலைக்கு மாறின. பிரான்சில் துணி வெளுக்க நம் மானாவாரிக் கொல்லை உழைத்த காலம் அது.

1890-களில் விளைச்சல் சரிந்தது. பழைய விதை நொந்துவிட்டது, நோய் தாக்கிவிட்டது என்றார்கள். நூற்றாண்டு முடிகிற தறுவாயில் மொரீஷியஸ் விதை வந்து சாகுபடி மீண்டது. விதைமேல் மட்டும் பழி போட எனக்கு மனசில்லை. மல்லாட்டையைப் பிடுங்கினால் காயோடு கொடியும் வீட்டுக்குப் போய்விடும். கொடி மாட்டுத் தீனி. செடி எடுத்த கால்சியத்தில் பெரும்பங்கு அந்தக் கொடியில்தான் இருக்கிறது. எருவாகத் திரும்பி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மணல் கலந்த செம்மண்ணை வருஷா வருஷம் இப்படிச் சுரண்டினால், எந்தத் தீவிலிருந்து விதை வந்தாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? உரக்கடைக்காரன் புத்தி இப்படித்தான் போகும்.

அப்புறம் ஆராய்ச்சி வந்தது. பண்ருட்டிப் பக்கம் பாலூரில் 1905-லேயே ஒரு பண்ணை. திண்டிவனத்தில் 1930-களில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். அங்கே குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தெரிந்தெடுத்த டி.எம்.வி. 2 ரகம் 1940-ல் வெளியானது. ஆந்திராவில் அனந்தபூர் வரைக்கும் போய்ப் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது. 1967-ல் டி.எம்.வி. 7. அந்த மூன்றெழுத்தில் இருப்பது எங்கள் ஊர் என்று அனந்தபூர் விவசாயிக்குத் தெரியுமோ தெரியாதோ, எங்களுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு.

ரகம் நல்லதாக இருந்தாலும் பொக்கு விழுந்தால் போச்சு. வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். கட்டைவிரலால் ஒவ்வொரு காயாக அழுத்துவார். நல்ல காய் டக்கென்று உடைந்து இரண்டு பருப்பைக் காட்டும். பொக்கு சத்தமில்லாமல் அமுங்கிப்போகும். உள்ளே சுருங்கிய தோல்தான் மிச்சம். அந்த ஒரு பிடியில் தேறுகிற பருப்பை வைத்துத்தான் மொத்த மூட்டைக்கும் விலை. செடி பச்சைப் பசேலென்று இருந்ததே, பூவும் நன்றாகத்தானே பூத்தது என்று விவசாயி புலம்புவார். இரண்டும் உண்மை. கோளாறு மண்ணுக்குள்ளே.

வேர் உறிஞ்சுகிற கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து மேலேதான் ஏறும். இலை வழியே தண்ணீர் ஆவியாகிற திசையில்தான் அதற்கு ஓட்டம். இலைக்குப் போனது திரும்பிக் கீழே இறங்காது. மல்லாட்டையோ மேலே பூத்து, விழுதை மண்ணுக்குள் இறக்கி, அங்கே காய்க்கிற செடி. மண்ணுக்குள் கிடக்கிற காயில் ஏது ஆவியாதல்? ஆகவே காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் தோல் வழியாக, தன்னைச் சுற்றியிருக்கிற இரண்டு மூன்று அங்குல மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. 1949-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் பிளெட்சோ, கோமர், ஹாரிஸ் ஆகிய மூவர் கதிரியக்கக் கால்சியத்தை வைத்து, காயே அதை உறிஞ்சுகிறது என்பதை நிரூபித்தார்கள்.

அந்த மண்ணில் கால்சியம் போதாவிட்டால் காய் பொக்கு. அதற்கு மருந்துதான் ஜிப்சம். சுத்தமான ஜிப்சத்தில் நூற்றுக்கு 23 பங்கு கால்சியம், 18 பங்கு கந்தகம். எண்ணெய்வித்துக்கு இரண்டுமே வேண்டும். எக்டேருக்கு 400 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எக்டேர் கணக்கு எங்கள் ஊரில் யாருக்கும் வாயில் வராது. காணிக்கு நாலு மூட்டை என்று என் அப்பா கல்லாவிலிருந்தே சொல்வார். ஐம்பது கிலோ மூட்டை. கணக்குக் கிட்டத்தட்டச் சரியாகத்தான் வரும்.

எவ்வளவு என்பதைவிட எப்போது, எங்கே என்பதுதான் முக்கியம். விதைத்த நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள், இரண்டாம் களை முடிகிற சமயம். பெண்கள் அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். செடியின் தலையில் கொட்டாமல் தூரை ஒட்டி, விழுது இறங்குகிற இடமாகப் பார்த்துத் தூவுவார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளை அப்பியிருக்கும். பின்னாலேயே களைக்கொத்தியால் கொத்தி மண் அணைப்பு நடக்கும். அதன்பிறகு அந்தக் கொல்லையில் யாரும் கொத்து போடக் கூடாது. போட்டால் விழுது அறுந்துவிடும்.

ஜிப்சத்தைச் சுண்ணாம்பு என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சுண்ணாம்பு புளித்த மண்ணைத் திருத்தும். ஜிப்சம் மண்ணின் கார அமில நிலையை அவ்வளவாக அசைக்காமல் கால்சியத்தை மட்டும் கொடுக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்துக்கு ஜிப்சம் வேண்டாம் என்று சொல்லி அப்பா ஆட்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. வந்த காசை விடுகிறாரே என்று அம்மா முணுமுணுப்பார். பருப்பு முழுசாக இருந்து நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால் அது போரான் பற்றாக்குறை. அதற்கும் ஜிப்சத்துக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்றும் அப்பா சொல்வார்: காய் பிடிக்கிற மண்ணில் பொட்டாஷ் மிஞ்சினால் கால்சியத்தை உள்ளே விடாது.

இந்தக் கடைசிச் சங்கதிதான் இப்போது கோகோபீட் தொட்டிக்காரர்களுக்கு உதவுகிறது. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைய. கழுவாத கட்டியை அப்படியே ஊறவைத்துச் செடி வைத்தால், தூவுகிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் தன்னிடம் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை அவிழ்த்துவிடும். தக்காளியில் அடி கறுத்து அழுகுவதும், முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மஞ்சளாவதும் அப்போதுதான். முதலாவது கால்சியக் குறை, இரண்டாவது மெக்னீசியக் குறை. மெக்னீசியம் செடிக்குள் இடம் மாறும் என்பதால் கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும்; கால்சியத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. நார்க்கழிவை ஏற்றுமதிக்குத் தயார் செய்கிறவர்கள் அதைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசுவது இதற்காகத்தான்.

தொட்டிக்காரர்கள் கேட்டு வருகிற கால்-மேக் என்கிற கால்சியம்-மெக்னீசிய பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட்டும் ஏதாவது ஒரு மெக்னீசிய உப்பும்தான். இதில் புதுமை ஒன்றுமில்லை. மண்ணில்லாமல் செடி வளர்க்க ஜெர்மனியில் நோப் என்பவர் 1860-களில் தயாரித்த கரைசலிலேயே கால்சியம் நைட்ரேட்டும் எப்சம் உப்பு என்கிற மெக்னீசியம் சல்பேட்டும் இருந்தன. இரண்டும் எங்கள் கடையில் மூட்டைக் கணக்கில் கிடக்கின்றன. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் இரண்டையும் வாங்கிப்போய், ஒரே கேனில் கெட்டியாகக் கரைத்துவிட்டு, "அண்ணே, உப்பு கலப்படம், அடியில வெள்ளையா தங்குது" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கலப்படம் இல்லை. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் பிறப்பது ஜிப்சம். அப்பா மூட்டை மூட்டையாக விற்ற சரக்கு கேனுக்குள் தானே விளைந்து நிற்கிறது. கொல்லைக்கு அது அமிர்தம்; சொட்டுநீர்க் குழாய்க்கு எமன். தனித்தனிக் கேனில் கரைத்து, நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாக ஊற்றினால் தங்காது.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் தண்ணீர் எங்கிருந்து என்றுதான் கேட்கிறேன். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ என்றால் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் கட்டாயம் வேண்டும். குழம்பில் பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இரண்டும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. மேலே ஊற்றுவது வீண் செலவு. மரக்காணம் பக்கத்து உப்புத் தண்ணீரென்றால் எந்தப் பாட்டிலும் உதவாது, தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். கால்-மேக் வாங்க வருவதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அந்தச் சீட்டோடு கடைக்கு வாருங்கள். சீட்டில் கால்சியம் போதும் என்றிருந்தால் அரைக் கிலோ எப்சம் உப்போடு அனுப்பிவிடுவேன்.